கண் மூடியிருக்கும்வரை

பிரார்த்தனைக் கூடத்தில் அவளுக்கு நீட்டியம்மா என்று பேர். ஆரம்பித்தால் முடிக்க மாட்டாள், அதனால் வந்த பேர். வாரக் கூட்டத்தில் கடைசிப் பிரார்த்தனைக்காகப் பெரியவர் அவள் பக்கம் திரும்பினாலே பின்வரிசையில் ஒரு முனகல் கிளம்பும். "அடுப்புல பால வச்சிட்டு வந்திருக்கேன், இன்னிக்கு வேற யாரையாவது சொல்லச் சொல்லுங்க" என்று யாராவது கிசுகிசுப்பார்கள். அது அவள் காதிலும் விழும். சிரித்துக்கொள்வாள். ஆனாலும் கப்பலில் போகிறவர்கள், கண் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர்கள், பேச்சு வராத குழந்தைகள், பேச்சை நிறுத்தாத மருமகள்கள் என்று ஒருத்தரையும் விடாமல் கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். "பக்தின்னா அந்தம்மாவோடதுதான் பக்தி" என்பார் பெரியவர். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த நீளம் கூடத்தில் பிறந்ததல்ல. வீட்டில் பிறந்தது.

அவள் புருஷன் டயருக்கு ரப்பர் ஒட்டிப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டி வருகிறவன். குடிப்பானா என்று கேட்காதீர்கள், ஒரு சொட்டுத் தொட மாட்டான். குடித்தாலாவது குடியின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். முழு நிதானத்தில் அடிப்பான். கரண்டி கீழே விழுந்தால் அடி. சட்டைப் பொத்தான் தொங்கினால் அடி. பட்டறையில் முதலாளி ஏதாவது சொல்லிவிட்டால் அதற்கும் இங்கே அடி. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் தலையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினான். காரணம், அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப்பட்டவனுக்கும் ஒரு பயம் இருந்தது. சின்ன வயதில் அவனுடைய தம்பி காய்ச்சலில் கிடந்தபோது வீடே சுற்றி உட்கார்ந்து பிரார்த்தனை செய்திருக்கிறது. இவன் நடுவில் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தானாம். அதே நிமிடம் தம்பிக்கு மூச்சு நின்றுவிட்டது. "நீ கண்ணைத் திறந்தே, அவன் போயிட்டான்" என்று பெற்ற தாயே அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கிறாள். ஒரு குழந்தையிடம் சொல்கிற பேச்சா அது? அன்றிலிருந்து பிரார்த்தனை நடக்கும்போது இடியே விழுந்தாலும் அவன் கண் திறக்காது, கை எழாது.

இதை அவள் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். ஒரு சாயங்காலம் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தான். மூலையில் ஒண்டியிருந்த அவள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "சாமி, இந்த வீட்டைப் பாரு" என்று வாய்விட்டுக் கேட்டாள். அடி விழவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தால், அவன் எதிரே சம்மணம் போட்டு, பெல்ட்டை மடியில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

அவர்கள் முறையில் வீட்டுப் பிரார்த்தனைக்கு ஒரு சட்டம் உண்டு. நடத்துகிறவர் "அப்படியே ஆகட்டும்" என்று சொன்னால்தான் பிரார்த்தனை முடியும். அதுவரை யாரும் கண் திறக்கக் கூடாது. நடுவில் இன்னொருவர் "இன்னும் கேட்கிறோம்" என்று சொல்லித் தொடரலாம். தொடர்ந்தால், முடிக்கிற உரிமையும் அவருக்குத்தான். மற்ற வீடுகளில் வாய் ஓய்வதற்கு முன்னால் கால் மரத்துப்போகும், முடித்துவிடுவார்கள். இந்த வீட்டில் முடிப்பதற்குத்தான் பயந்தார்கள்.

சில நாள் நீட்டி நீட்டியே அவன் கோபத்தை வடித்துவிடுவாள். உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப் போவான், இழுத்துப் படுக்கவைப்பாள். சில நாள் கோபம் வடியாது. கடைசி வார்த்தை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, "முடிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து சட்டைக் கையை மடிப்பான். அந்தக் கேள்வியின் மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் நடித்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டதையெல்லாம் மனசாரத்தான் கேட்டாள். அவளுக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில். ஈரப் படுக்கை விரிப்புகளை இருபுறமும் இரண்டு பெண்கள் பிடித்து, இஸ்திரி போடுகிற கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே செலுத்த வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். துவைப்பதற்கு வரும் மூட்டையைப் பிரிக்கும்போதே கறைகளைப் பார்ப்பாள். இது பிரசவம், இது வாந்தி, இது வெட்டுக்காயம், இது இனிமேல் எழுந்திருக்காத ஆள் படுத்தது. ஆள் தெரியாது, பேர் தெரியாது. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, "மூணாவது மாடியில ரத்தமா வாந்தி எடுத்தவங்களைப் பாரு சாமி" என்று கேட்பாள். கடவுள் கேட்கிறார் என்று உறுதியாக நம்பினாள். கடவுள் கேட்கிறவரைக்கும் புருஷன் அடிக்க மாட்டான் என்பதையும் நம்பினாள். இரண்டும் ஒரே நம்பிக்கையாகத்தான் அவளுக்குள் இருந்தன.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் பெண், இளையவன் பையன். அம்மாவுக்குத் தொண்டை வறண்டதும் "இன்னும் கேட்கிறோம்" என்று மகள் பிடித்துக்கொள்வாள். பள்ளிக்கூட வருகைப் பதிவில் இருக்கும் பேர்களை வரிசையாக ஒப்பித்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு வியாதியைக் கற்பனை செய்து குணமாக்குவாள். அவள் களைத்தால் தம்பி. தெருநாயின் கால், பக்கத்து வீட்டு டெய்லரின் மூலவியாதி, பந்தைப் பிடிக்கத் தெரியாத ஒரு கோல்கீப்பர், எல்லாமே அந்தச் சின்ன வாயிலிருந்து வரும். அம்மாவும் அக்காவும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். அப்பா கண்ணை மூடியபடி ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பான். அந்த வீட்டில் குடும்பமாகச் சந்தோஷமாக இருந்த நேரம் அது ஒன்றுதான் என்று சொன்னால் நம்புவீர்களா?

பிள்ளைகள் வளர்ந்தார்கள். பையன் அப்பாவோடு அதே பட்டறைக்குப் போனான். அப்பாவின் தோள் அவனுக்கும் வந்தது. பெண் தையல் ஆலையில் வேலை பார்த்தாள். வேறு ஊரில் பெரிய ஆலையில் இடம் கிடைத்தது, தங்குவதற்கு விடுதி உண்டு. பையை அடுக்கி வைத்துவிட்டு, ஒரு விடுமுறைக் காலையில் அப்பாவிடம் சொன்னாள்.

அவன் காபியைக் கீழே வைத்தான். எழுந்து வந்து அவள் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான். அவள் சுவரில் போய் விழுந்தாள். விழுந்தவளின் முடியைப் பிடித்துத் தூக்கி அதே காதில் மறுபடியும் அறைந்தான். தடுக்க ஓடிய அம்மாவை வயிற்றில் உதைத்தான். பையன் வீட்டில் இல்லை. "வேற ஊருக்குப் போறாளாம். போ. கால் இருந்தா போ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மிச்சக் காபியைக் குடித்தான். மகளின் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. சாயங்காலம் அம்மா அந்தப் பக்கமாக நின்று கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. அந்தக் காது போய்விட்டது.

பையன் வந்து பார்த்தான். அக்காவும் தம்பியும் மாடிப்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள் என்று அம்மா நினைத்தாள். அடுப்படியிலிருந்து பார்த்து மனசு குளிர்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மகள் ஊருக்குப் போகும் பேச்சை விடவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வரும்போதே கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எப்படியாவது இன்றைக்கு அவன் தூங்கும்வரை நீட்டிவிட வேண்டும், விடிந்ததும் பெண்ணைப் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு அம்மா ஆரம்பித்தாள். கண் முழுக்க மூடவில்லை. எப்போதுமே அவள் ஒரு கீற்றுத் திறந்துவைத்துப் புருஷன் முகத்தைக் கவனிப்பாள். அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள் குறுக்கிட்டாள். "இன்னும் கேட்கிறோம்."

அம்மாவுக்கு இன்னும் தொண்டை வறளவில்லை. ஆனாலும் சரி, பெண் சமத்து, ஒத்தாசை செய்கிறாள் என்று விட்டுக்கொடுத்தாள். மகள் சத்தமாக, நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே போனாள். பையன் பாய்க்கு அடியிலிருந்து எதையோ எடுத்தான். டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றுகிற இரும்புக் கம்பி, முழங்கை நீளம். ஓசைப்படாமல் எழுந்தான். அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றான்.

அம்மா மகளைப் பார்த்தாள். மகளின் கண் நன்றாகத் திறந்திருந்தது. தம்பியைப் பார்த்துக்கொண்டே, "மலையில வேலை செய்யறவங்களைப் பாரு சாமி, அவங்க கால் வழுக்காம பாத்துக்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா "ம்" என்றான்.

மாடிப்படியில் பேசியது ஆறுதல் இல்லை என்று அப்போது அவளுக்கு விளங்கியது. அடியை நிறுத்த அவள் கண்டுபிடித்த ஒரே வழியைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், ஆளை அசையாமல் உட்காரவைத்து மண்டையைப் பிளப்பதற்கு. சத்தம் போட்டால் அவன் கண்ணைத் திறப்பான். திறந்தால் கம்பியும் கையுமாக மகன் நிற்பான். அப்புறம் இரண்டில் ஒன்று பிணம். போடாவிட்டால் இப்போதே ஒன்று பிணம், மகன் கொலைகாரன். பெற்றவளுக்கு யோசிக்க நேரம் எங்கே இருந்தது?

எழுந்தாள். வெறுங்காலோடு வட்டத்தைச் சுற்றிப் போனாள். பையன் கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கிவிட்டான். அவன் முகத்தை அவள் பார்த்தாள். வாய் கோணியிருந்தது, அழுதுகொண்டிருந்தான், ஆனால் கை நடுங்கவில்லை. கம்பி இறங்கியது. அவள் வலது கையைக் குறுக்கே கொடுத்தாள்.

எலும்பு முறிகிற சத்தம் அந்த அறைக்குத் தாராளமாகப் போதும்.

"என்ன சத்தம்?" என்றான் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"கதவு காத்துல அடிச்சுக்குது. அந்தக் கதவையும் பாத்துக்கோ சாமி" என்றாள் மகள். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அம்மா கத்தவில்லை. முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். மணிக்கட்டுக்கு மேலே கை தவறான இடத்தில் மடங்கித் தொங்கியது. பையன் மறுபடியும் ஓங்கினான். அம்மாவை அடித்துவிட்டது அவன் புத்திக்கே எட்டவில்லை போலிருக்கிறது. அவள் இடது கையால் கம்பியைப் பிடித்தாள். அவன் இழுத்தான், அவள் விடவில்லை. கண்மூடி உட்கார்ந்திருந்தவனின் தலைக்கு ஒரு சாண் மேலே தாயும் மகனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். அவள் அவன் தாடையில் தன் தலையால் முட்டினாள். அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ரத்தத்தின் ருசி நாக்கில் பட்டதும்தான் அவனுக்கு நினைவு வந்ததோ என்னவோ, அம்மாவின் கையைப் பார்த்தான். பிடி தளர்ந்தது. கம்பி அவளிடம் வந்தது.

அந்தக் கணத்தில் அவளுக்கும் ஓர் எண்ணம் வந்தது. வராமல் இருக்குமா? கம்பி கையில், அவன் மண்டை எதிரில், மகள் வாய் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கதவு நிலையில் மோதிய தலை, பெல்ட்டு, வயிற்றில் உதை, மகளின் காது, எல்லாம் கம்பிக்குள் இறங்கிக் கனத்தது. கம்பியை ஓங்கக்கூடச் செய்தாள். மகள் அவளையே பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லாத பார்வை. அந்தப் பார்வையைப் பார்த்துத்தான் பயந்துபோய்க் கம்பியை இறக்கினாள்.

கம்பியாலேயே வாசலைக் காட்டினாள். பையன் தலையை ஆட்டி மறுத்தான். கம்பியின் முனையை அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். பிறகு வாயிலிருந்த துணியைத் துப்பிவிட்டு, "இன்னும் கேட்கிறோம்" என்றாள்.

மகள் அடுக்கி வைத்திருந்த பையை எடுத்தாள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அம்மா புருஷனின் பின்னால் நின்றபடி கேட்டாள். "பிரயாணம் போறவங்களைப் பாரு சாமி. அவங்களுக்கு உக்கார எடம் குடு. போற எடத்துல யாரும் அவங்களைக் கை நீட்டக் கூடாது. அவங்களும் யாரையும் கை நீட்டக் கூடாது. நடந்ததை அவங்க மனசுலேர்ந்து எடுத்துடு. எடுக்க முடியலேன்னா அதை எனக்குக் குடு." வலியில் அவளுக்குக் கண் இருட்டியது. தெருமுனையில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. மறுபடி கிளம்புகிற சத்தமும் கேட்டது. அதற்கப்புறமும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "அப்படியே ஆகட்டும்" என்று முடித்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான். எதிரே மூன்று இடமும் காலியாக இருந்தது. திரும்பி அவளைப் பார்த்தான், கையைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான்.

"பிள்ளைங்க எங்க?"

"போயிட்டாங்க."

"நான் கண்ணையே திறக்கலையே" என்றான்.

குழந்தை சொல்கிற மாதிரி சொன்னான். அவளுக்கு ஒரு நொடி இரக்கமாகக்கூட இருந்தது. அப்புறம் தரை எழும்பி முகத்தில் அடித்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவன்தான். டயரைத் தூக்குகிற கையில் அவளைக் கிடத்தி, வழியெல்லாம் "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று உளறிக்கொண்டு போனான். கட்டுப் போடும் இடத்தில் நர்ஸ் வெளியே போகச் சொன்னபோது மட்டும்தான் கையை விட்டான்.

"யாரும்மா இப்படிப் பண்ணது?" என்று நர்ஸ் கேட்டாள். "என் வீட்டுக்காரர்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவன் அடித்த எந்த அடிக்கும் அவள் அவன் பேரைச் சொன்னதில்லை.

காலையில் போலீஸ்காரர் வந்தார். கூடத்துப் பெரியவரும் சேதி கேட்டுப் பதறிப்போய் வந்திருந்தார். அவன் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "சாமி சத்தியமா நான் தொடல. நான் பிரார்த்தனையில இருந்தேன்" என்றான். முழு உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் மேல் தப்பு இல்லை.

பெரியவர் போலீஸ்காரரிடம், "இவனைச் சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும் ஐயா. சாமி பேரைச் சொல்லிப் பொய் பேசறவன் இல்ல" என்றார்.

"அப்ப வீட்டுல வேற யார் இருந்தாங்க?"

"பொண்ணு, பையன்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். கம்பி பட்டறைக் கம்பி. அவன் கொண்டுவரவில்லை. அதே பட்டறையில் வேலை செய்கிற இன்னொருவன் யார் என்று அவன் நெற்றிக்குள் கணக்கு ஓடுவது அவளுக்குத் தெரிந்தது.

"அவர்தான் அடிச்சார்" என்றாள், சத்தமாக.

"அம்மா," என்றார் பெரியவர், குனிந்து, மெதுவாக. "ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றது பொய். நீ சாமிக்குப் பயந்தவ. இது மேல கை வச்சுச் சொல்லு, நான் நம்பறேன்." பையிலிருந்து பிரார்த்தனைப் புத்தகத்தை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

பொய்ச் சத்தியம் செய்தவர் கேட்பது எதுவும் கடவுள் காதில் ஏறாது என்பது அவர்கள் நம்பிக்கை. அவளும் அதை எள்ளளவும் சந்தேகப்படாதவள். முகம் தெரியாத எத்தனையோ பேருக்காகக் கேட்டவள், இனிமேல் பெற்ற பிள்ளைகளுக்காகக்கூடக் கேட்க முடியாது. நல்ல கையைத் தூக்கிப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"சாமி மேல சத்தியமா, இவர்தான்."

புருஷன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "பையன்..." என்று மறுபடி வாயெடுத்தான். போலீஸ்காரர் அவன் முழங்கையைப் பிடித்து, "நடப்பா, நடப்பா" என்று வெளியே கூட்டிப் போனார். பெரியவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "உனக்காக ஒரு பிரார்த்தனை பண்ணட்டுமாம்மா? நீ ஆரம்பி" என்றார்.

"நீங்க பண்ணுங்க ஐயா. என்னால முடியாது" என்றாள். வலியால் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம், சலவைக் கூடத்தில் அம்மாவோடு வேலை செய்கிறவளிடம் நம்பர் வாங்கி, நர்ஸின் போனுக்கு மகள் கூப்பிட்டாள். "அம்மா, தம்பி ஒரு வாய் சாப்பிடல. நான்தான் அடிச்சேன்னு போலீஸ்ல போய்ச் சொல்றேங்கறான். நீயே சொல்லு."

பையன் போனை வாங்கினான். மூச்சு மட்டும் கேட்டது.

"உங்கப்பாதான் அடிச்சார்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றாள். "இனிமே அதுதான் நடந்தது. என் சாமியவே குடுத்து வாங்கியிருக்கேன்டா உன்னை. நீ போய் மாத்திச் சொன்னா எனக்கு அதுவும் இல்ல, நீயும் இல்ல. இனிமே யாரையும் கை நீட்டாத. சாப்பிடு."

அவன் விம்மினான். "வலிக்குதாம்மா?"

கேட்கிறவர்களிடமெல்லாம் இல்லை இல்லை என்றே சொல்லிப் பழகியவள்.

"வலிக்குதுடா" என்றாள். "ரொம்ப வலிக்குது."